வங்கக் குழந்தைகளின் நினைவாற்றலை எந்தக் கோலால் அளப்பது?



குழந்தை வளர்ச்சியைப் பற்றி ஆண்டுக்கொரு சொற்பொழிவாவது தமிழில் நடக்க வேண்டும் என்று நிதி வைத்த நல்ல மனத்துக்கு முதலில் என் நன்றி. தமிழ்நாட்டு மேடையில் நின்று வங்க மொழி பேசும் குழந்தைகளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். இருபது கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழி அது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வறுமையும் நோயும் குழந்தையின் அறிவு வளர்ச்சியை எப்படித் தொடுகின்றன என்பதைப் பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் உலகம் தெரிந்துகொண்டதில் பெரும்பங்கு வங்கதேசத்துக் கிராமங்களிலிருந்து வந்தது. அந்தக் குழந்தைகளை உட்காரவைத்துக் கேட்ட கேள்விகள்தான் அந்த அறிவின் அடிப்படை. அந்தக் கேள்விகளில் முக்கியமான ஒரு பகுதி நினைவாற்றலைச் சோதிப்பவை.

டாக்காவின் மொஹாகாலியில் பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையம் இருக்கிறது. ஊர் மக்கள் அதைக் 'கலேரா ஹாஷ்பாதால்' என்பார்கள். நம் வாயில் காலரா ஆஸ்பத்திரி. உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தே காலராவிலிருந்து உயிரைக் காக்கலாம் என்று 1960-களின் இறுதியில் காட்டிய இடம் அது. டாக்காவுக்குத் தென்கிழக்கே, சாந்த்பூர் மாவட்டத்து மத்லபில், 1966 முதல் வீடுவீடாகப் பிறப்பையும் இறப்பையும் பதிவுசெய்து வருகிறார்கள். பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கியபோது, பிழைத்த பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்ற கேள்வி தானாகவே வந்தது. ஜெனா ஹமதானியும் அவருடைய குழுவினரும் அந்த மையத்தில் குழந்தை வளர்ச்சி ஆய்வைப் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தினார்கள். டாக்கா சிசு மருத்துவமனையில் நைலா ஸமான் கான் குழந்தை நரம்பு வளர்ச்சியை விரைவாகக் கண்டறியும் முறை ஒன்றை அங்கேயே உருவாக்கினார்.

இந்தச் சோதனைகளின் முடிவுகளுக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். குளத்து நீரைக் குடித்து நோய்ப்படக்கூடாது என்று வங்கதேசமெங்கும் குழாய்க்கிணறுகள் போட்டார்கள். அந்த நீரில் ஆர்சனிக் இருந்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் கெயில் வாசர்மன் குழுவினர் அராய்ஹஜார் பகுதியில் 201 பத்து வயதுக் குழந்தைகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் உள்ள நீரைக் குடித்த பிள்ளைகள், ஏறக்குறைய ஆர்சனிக் இல்லாத நீரைக் குடித்த பிள்ளைகளைவிட, கையால் செய்து காட்டும் பகுதியிலும் மொத்தத்திலும் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள். இன்னொன்று, ரூப்கஞ்ச் பகுதியில் எட்டு மாதக் குழந்தைகள் 3,300 பேரைக் கொண்டு நடத்திய இரும்புச்சத்து ஆய்வு. 2021-ல் வெளிவந்தது. மூன்று மாதம் இரும்புச்சத்துக் கொடுத்ததில் இரத்தசோகை குறைந்தது. அறிவு வளர்ச்சி மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியவில்லை.

ஒன்று குடிநீரைப் பற்றியது, இன்னொன்று கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்தைப் பற்றியது. இரண்டுக்கும் சான்றாக நிற்பது, ஓர் அந்நியப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து குழந்தை சொன்ன பதில்களும் செய்த செயல்களும். முதல் ஆய்வில் பயன்பட்டது வெக்ஸ்லர் அறிவுத்திறன் சோதனையின் பகுதிகள்; இரண்டாவதில் நான்சி பேய்லி 1969-ல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி அளவையின் பிந்திய பதிப்பு. இரண்டும் அமெரிக்காவில் பிறந்தவை.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நினைவாற்றல் சோதனையை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்த்துவைத்தால் அது அதே சோதனையாக இருப்பதில்லை. வங்கக் குழந்தைக்கான சோதனையை வங்க மொழியின் ஒலியிலிருந்தும், அந்த வீட்டுப் பழக்கவழக்கத்திலிருந்தும் புதிதாகக் கட்ட வேண்டும். இது எட்டாத ஆசை அல்ல. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தா தலைமையில் 1916-லேயே உளவியல் துறை தொடங்கிவிட்டது. புள்ளியியல் மேதை மஹாலனோபிஸ் நடத்திய 'சங்க்யா' இதழ் 1933-ல் பிறந்தது. அதன் முதல் தொகுதியிலேயே வங்க மொழியில் அமைந்த அறிவுத்திறன் சோதனை எவ்வளவு நம்பத்தக்கது என்று அவர் ஆராய்ந்து எழுதினார். அந்தத் தலைமுறைக்கு இருந்த துணிச்சல் நமக்கும் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

எல்லாவற்றிலும் எளிதாகத் தெரியும் சோதனையிலிருந்து தொடங்குவோம். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொல்வது. ஜோசப் ஜேக்கப்ஸ் 1887-ல் எழுதியது. 1905-ல் பினே தன் அறிவுத்திறன் சோதனையில் சேர்த்தார். இன்றுவரை வெக்ஸ்லர் சோதனையில் இருக்கிறது. எண்களுக்கு மொழி ஏது, எங்கும் ஒன்றுதானே என்று தோன்றும்.

வங்க மொழியில் ஒன்று முதல் ஒன்பது வரை சொல்லிப் பாருங்கள்: ஏக், துய், தின், சார், பாஞ்ச், சொய், ஷாத், ஆட், நொய். ஒவ்வொன்றும் ஓர் அசை. இப்போது நம் வீட்டு எண்களைச் சொல்லுங்கள்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது. எல்லாம் இரண்டு அசை, ஒம்பதுக்கு மூன்று. ஆலன் பேட்லியும் அவருடைய சகாக்களும் 1975-ல் காட்டினார்கள்: காதில் விழுந்ததை அப்படியே பிடித்துவைக்கும் நினைவு, ஏறக்குறைய இரண்டு விநாடியில் சொல்லி முடிக்கக்கூடிய அளவைத்தான் பிடித்துவைக்கிறது. சொல் நீண்டால் எண்ணிக்கை குறையும். 1980-ல் எல்லிஸ், ஹென்னலி என்னும் இருவர் வேல்ஸ் நாட்டில் இதையே கண்டார்கள். வெல்ஷ் மொழி எண்களைச் சொல்ல ஆங்கில எண்களைவிட நேரம் பிடிக்கிறது. அதனால் வெல்ஷ் பேசும் குழந்தைகளின் மதிப்பெண் ஆங்கிலேயச் சராசரிக்குக் கீழே விழுந்தது. சீன எண்கள் சுருக்கமானவை. அங்கே மதிப்பெண் கூடியது. ஆக, கொல்கத்தாவில் ஐந்து எண்ணைத் திருப்பிச் சொன்ன பிள்ளையையும் கோயம்புத்தூரில் நான்கு எண்ணைச் சொன்ன பிள்ளையையும் ஒரே அட்டவணையில் வைத்தால், நாம் அளப்பது இரண்டு மொழிகளின் எண்ணுப் பெயர்களைத்தான். வங்கக் குழந்தைக்கு வங்கக் குழந்தைகளின் சராசரியே துணை; வேறு எந்த மொழியின் சராசரியும் உதவாது.

எண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழில் இருபதைத் தாண்டிவிட்டால் இருபத்தொன்று, முப்பத்திரண்டு என்று சூத்திரம் கையில் வந்துவிடும். வங்க மொழியில் அப்படி இல்லை. இருபத்தொன்று 'எகுஷ்', முப்பத்தொன்று 'எக்த்ரிஷ்', நாற்பத்தொன்று 'எக்சொல்லிஷ்', ஐம்பத்தொன்று 'எகான்னோ'. ஒவ்வொன்றிலும் பழைய வேர் தெரிகிறதே தவிர, குழந்தை விதியைப் போட்டுச் சொல்ல முடியாதபடி உருமாறியிருக்கிறது. ஏறக்குறைய நூறு பெயர்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்தாக வேண்டும். நூறு வரை எண்ணச் சொல்வது தமிழ்ப் பிள்ளைக்கு விதியறிவைச் சோதிப்பது. வங்கப் பிள்ளைக்கு அதுவே நினைவுச் சோதனை. இரண்டையும் 'எண்ணறிவு' என்ற ஒரே தலைப்பில் போட்டு ஒப்பிடும் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கல். எண்கள் அவர்களுக்கு இன்னும் தனித்தனிச் சொற்கள் ஆகவில்லை, பாட்டாக இருக்கின்றன. 'துய், பாஞ்ச்' என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் பிள்ளை உற்சாகமாக 'துய், தின், சார், பாஞ்ச்' என்று ஓடிவிடும். சோதனைத் தாளில் அது பூஜ்யம். பிள்ளை முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சரியாகவே நினைவில் வைத்திருந்தது, நடுவில் அதன் பாட்டு வந்து நிரப்பிக்கொண்டது. அந்த வயதுக்கு எண்களை விட்டுவிட்டு, கை, மாடு, மீன் போன்ற வீட்டுச் சொற்களை எடுத்துக்கொள்வதே நியாயம்.

எந்த வீட்டுச் சொற்கள் என்பது அடுத்த கேள்வி. தண்ணீருக்கு மேற்கு வங்கத்து இந்துக் குடும்பத்தில் 'ஜொல்', வங்கதேசத்து முஸ்லிம் குடும்பத்தில் 'பானி'. உப்புக்கு மேற்கில் 'நூன்', கிழக்கில் 'லபன்'. குளிப்பது ஒரு வீட்டில் 'ஸ்நான்', இன்னொரு வீட்டில் 'கோசல்'. தினமும் கேட்கும் சொல் நினைவில் எளிதாக நிற்கும். எப்போதோ கேட்ட சொல் நழுவும். கொல்கத்தாவில் தயாரித்த சொற்பட்டியலை ராஜ்ஷாஹியிலும், டாக்காவில் தயாரித்ததை முர்ஷிதாபாதிலும் அப்படியே நீட்டுவதற்கு முன், இரு பக்கமும் பொதுவாக வழங்கும் சொற்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட சொற்கள் ஏராளம் உண்டு. சலிக்காமல் தேடும் ஆள்தான் வேண்டும்.

இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கத்தான் பொருளற்ற சொற்களைக் கொண்டு சோதிக்கும் முறை வந்தது. எந்தக் குழந்தையும் முன்பு கேட்டிராத ஒலிக்கோவையைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வது. சூசன் கேதர்கோலும் பேட்லியும் இதை வளர்த்து 1996-ல் குழந்தைகளுக்கான சோதனையாக வெளியிட்டார்கள். புதிய ஒலிக்கோவையைப் பிடித்துவைக்கும் திறன் கூடிய குழந்தை புதிய சொற்களையும் வேகமாகக் கற்கிறது என்பது அவர்களுடைய முக்கியமான கண்டுபிடிப்பு. நினைவு எதற்கு என்ற கேள்விக்கு நான் அறிந்த நல்ல பதில்களில் அது ஒன்று.

ஆனால் பொருளற்ற சொல்லும் ஏதோ ஒரு மொழியின் சாயலில்தான் இருக்கும். ஆங்கிலச் சாயலில் அமைந்த சொற்களில் மெய்யெழுத்துகள் முதலிலேயே கூட்டாக வரும். வங்கக் கிராமத்துப் பிள்ளை 'ஸ்கூல்' என்பதை 'இஸ்குல்' என்றே சொல்லும். நம் பாட்டிமாரும் அப்படித்தான். அந்தப் பிள்ளையிடம் 'ஸ்க' என்று தொடங்கும் பொருளற்ற சொல்லைச் சொன்னால், முன்னால் ஓர் 'இ' சேர்த்துத்தான் திருப்பித் தரும். அதைப் பிழை என்று எழுதினால் பிள்ளையின் நாக்கைத் தண்டித்தவர்கள் ஆவோம். நினைவு அங்கே வரவே இல்லை. வங்க மொழிக்கென்று தனி வளம் இருக்கிறது. நாம் ஒரே 'க' எழுதும் இடத்தில் அவர்களுக்கு மூச்சு சேர்ந்ததும் சேராததும், அழுத்தமானதும் மென்மையானதுமாக நான்கு ஒலிகள். மூக்கொலி உயிர்கள் உண்டு. ஆனால் உயிர் நீண்டாலும் குறுகினாலும் பொருள் மாறாது. பொருளற்ற சொற்களை இந்த ஒலிகளிலிருந்து கட்ட வேண்டும். மூச்சொலிகள் சிறு குழந்தைகளிடம் தாமதமாகத்தான் தெளியும். எல்லாச் சொல்லிலும் ஒரே மாதிரி மாற்றிச் சொல்லும் பிள்ளைக்கு அதற்காக மதிப்பெண் குறைக்கக்கூடாது.

இதற்கு வங்கத்தில் மண் தயாராகவே இருக்கிறது. குழந்தைகளின் 'சொடா' பாடல்களில் பாதிச் சொற்களுக்குப் பொருள் கிடையாது, ஓசைதான் உண்டு. ரவீந்திரநாத் 1890-களிலேயே அவற்றைத் திரட்டி எழுதியவர். சுகுமார் ராயின் 'ஆபோல் தாபோல்' அவர் மறைந்த 1923-ஆம் ஆண்டு வெளிவந்தது. வாத்தையும் முள்ளம்பன்றியையும் ஒட்டி ஒரே பிராணியாக்கி அதற்கொரு பெயரும் வைத்த அந்தப் புத்தகத்தை நூறு ஆண்டுகளாக வங்கக் குழந்தைகள் வாய்விட்டுச் சொல்லி வளர்கிறார்கள். பொருளில்லாத சொல்லைத் திருப்பிச் சொல்வது அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சையாகத் தோன்றாது. விளையாட்டின் தொனியில் கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

அடுத்து வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது. இங்கே ஓர் இடத்தை உங்களுக்கு நெருக்கமாகக் காட்ட விரும்புகிறேன். களப்பணியாளர் தரப்படுத்திய வங்க மொழியில், 'ஆமி பாத் காச்சி' என்கிறார். நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். சாந்த்பூர்ப் பக்கத்துப் பிள்ளை கொஞ்சம்கூடத் தயங்காமல், 'ஆமி பாத் காயிதாசி' என்கிறது. எழுத்துக்கு எழுத்து பார்ப்பவருக்குக் கடைசிச் சொல் தவறு. உண்மையில் நடந்தது என்ன? பிள்ளை வாக்கியத்தைக் கேட்டது, பொருளை முழுதாக வாங்கியது, காலத்தையும் வினைக்குரிய நபரையும் இழக்காமல் தன் வீட்டு வழக்கில் திருப்பிக் கட்டியது. 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று நாம் சொல்ல, தஞ்சாவூர்ப் பிள்ளை 'சாப்டுகிட்டு இருக்கேன்' என்று திருப்பித் தருவது போலத்தான். இதில் நினைவு மட்டுமல்ல, மொழியறிவும் செயல்பட்டிருக்கிறது. அதற்குப் பூஜ்யம் போடுவது அநீதி. வாக்கியங்களை வட்டார வழக்கில் தயாரிப்பது ஒரு வழி. வழக்கு மாற்றத்தைச் சரியென்று ஏற்கும் மதிப்பீட்டு விதியை முன்கூட்டியே எழுதிவைப்பது இன்னொரு வழி. இரண்டும் செய்வது நல்லது.

சில்ஹெட், சட்டகாங் பகுதிகளுக்குப் போனால் தூரம் இன்னும் கூடுகிறது. சில்ஹெட்டில் 'பானி' என்பது ஃபகர ஒலியோடு 'ஃபானி' ஆகும். மூச்சொலிகள் பெரும்பாலும் தேய்ந்து, அவை இருந்த இடத்தைக் குரலின் ஏற்ற இறக்கம் எடுத்துக்கொண்டிருக்கிறது. லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் வாழும் வங்கதேசக் குடும்பங்களில் பெரும்பாலோர் சில்ஹெட் வழியினர். பள்ளிப் பதிவேட்டில் 'வங்காளி' என்று எழுதிவிட்டு, தரப்படுத்திய வங்க மொழியில் சோதனை வைத்தால் அந்தக் குழந்தைக்கு அது வீட்டு மொழி ஆகாது. மதிப்பெண் குறைந்தால் குறைபாடு என்று முத்திரை விழும். முத்திரை விழுந்த குழந்தை எந்த வகுப்பில் உட்கார வைக்கப்படும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பேசத் தெரியாத குழந்தைகளிடம் மொழிச் சிக்கல் இல்லை என்பதால் அங்கே எல்லாம் சுலபம் என்று நினைக்கிறோம். கரோலின் ரோவி-கோலியர் தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மையையும் குழந்தையின் கணுக்காலையும் நாடாவால் இணைத்தார். காலை உதைத்தால் பொம்மை ஆடும். மூன்று மாதக் குழந்தை இதை ஏறக்குறைய ஒரு வாரம் நினைவில் வைத்திருந்தது, ஆறு மாதக் குழந்தை இரண்டு வாரம். சிசுவுக்கு நினைவே கிடையாது என்ற பழைய எண்ணம் அதோடு போயிற்று. ஒருவயதையொட்டிய குழந்தைக்கு, பொருளை ஒரு கிண்ணத்தின் கீழ் பலமுறை ஒளித்துவைத்துவிட்டுப் பிறகு இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றிப் பார்ப்பார்கள். பியாஜே கண்ட சோதனை அது. வங்கதேசத்து ஆய்வுகளிலும் பயன்பட்டிருக்கிறது.

இதையும் பக்கத்திலிருந்து பாருங்கள். வாசலில் பாயை விரித்து, தாய் மடியில் குழந்தை. எதிரே 'ஆபா', அதாவது அக்கா, என்று எல்லோரும் கூப்பிடும் களப்பணியாளர். இரண்டு கிண்ணங்கள், ஒரு பிஸ்கட். ஆபா பிஸ்கட்டை இடப்பக்கத்துக் கிண்ணத்தின் கீழ் வைத்து மூடுகிறார். கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் தாயின் பார்வை இடப்பக்கம் போய்விடுகிறது. மடி சற்று அசைகிறது. குழந்தை தாயின் உடம்பைப் படித்துவிட்டுக் கிண்ணத்தைத் தொடுகிறது. தன் பிள்ளை தவறவிடக்கூடாதே என்ற தவிப்பில் அவள் உதவுகிறாள்; அதில் குற்றமே இல்லை. சோதனையைத் திட்டமிட்டவர் அதை முன்னமே யோசித்து, 'நீங்கள் பிள்ளையின் தலையை மட்டும் பாருங்கள் அம்மா' என்று சொல்லிப் பழக்கியிருக்க வேண்டும். மழைக்காலமாக இருந்தால் தகரக் கூரையின் இரைச்சலில் எதுவுமே காதில் விழாது. அந்த நேரத்தில் எண்களைச் சொல்லிச் சோதித்தால் அது செவிப் பரிசோதனை. காய்ச்சல், தூக்கம், புது முகம், கூடிநின்று வேடிக்கை பார்க்கும் அண்டை வீட்டார், இவையெல்லாம் மதிப்பெண்ணுக்குள் புகுந்துகொள்கின்றன. கூச்சப்படும் பிள்ளை 'ஜானி நா' என்று சொல்லும், தெரியாது என்று. அதற்குத் தெரியும்.

இதையெல்லாம் தவிர்க்கக் கருவியை நாடலாமே என்று தோன்றும். டாக்காவின் மிர்ப்பூர்ப் பகுதியில் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் நெல்சனின் குழுவினர், முன்பு சொன்ன வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தோடு சேர்ந்து, சிசுக்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அரிய உழைப்பு அது. ஆயினும் கருவி காட்டும் அலைக்குப் பொருள் சொல்ல, அந்தக் குழந்தை பிறகு என்ன பேசிற்று, என்ன நினைவு கூர்ந்தது என்பதோடுதான் ஒப்பிட்டாக வேண்டும். கருவி நம்மை மீண்டும் கிண்ணத்துக்கும் சொல்லுக்கும்தான் கொண்டுவிடுகிறது.

அப்படியானால் எப்படித்தான் சோதிப்பது? சோவியத் உளவியலாளர் இஸ்தோமினா 1948-ல் ஒரு வழி காட்டினார். சிறு பிள்ளைகளிடம் சொற்களைக் கொடுத்து மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னால் குறைவாகவே சொன்னார்கள். அதே போன்ற பட்டியலைக் கடை விளையாட்டில், 'இந்தச் சாமான்களை வாங்கி வா' என்று அனுப்பினால் கூடுதலாக நினைவு வைத்தார்கள். பார்பரா ரோகோஃபும் கேத்ரின் வாடலும் 1982-ல், ஒன்பது வயதுக் குவாத்தமாலா மாயன் இனப் பிள்ளைகளின் முன்னால் சிறிய ஊர் மாதிரியில் பொருள்களை அடுக்கிக் காட்டி, கலைத்துவிட்டு மறுபடி அடுக்கச் சொன்னார்கள். சொற்பட்டியலில் பின்தங்குபவர்கள் என்று பேர்பெற்ற சமூகத்துப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஈடாக, சற்று மேலாகவே செய்தார்கள். 1981-ல் ஜூடித் கியரின்ஸ் ஆஸ்திரேலியப் பாலைநிலப் பழங்குடிக் குழந்தைகளிடம் கண்டதும் இடநினைவில் அவர்கள் வெள்ளையர் குழந்தைகளை விஞ்சியதைத்தான்.

வங்கக் கிராமத்தில் ஆறு வயதுப் பிள்ளையை முதி தொக்கானுக்கு, அதாவது மளிகைக் கடைக்கு, அனுப்புவது தினசரி நடப்பது. எண்ணெய், பருப்பு, முட்டை, சோப்பு என்று அம்மா சொல்லியனுப்புவாள். அதையே சோதனையாக்கலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாம் சொப்பு வைத்து விளையாடுவது போன்ற விளையாட்டு அங்கே உண்டு. கிழக்கில் 'ஹாடி-பாதில்', மேற்கில் 'ரான்னா-பாட்டி' என்பார்கள். அரிசி களைவது, உலையில் போடுவது, கிண்டுவது என்று மூன்று செயல்களை வரிசையாகச் செய்துகாட்டி, ஒரு நாள் கழித்துப் பாத்திரங்களைக் கையில் கொடுத்தால் போதும். செய்துகாட்டியதைப் பின்னர் செய்யவைத்து நினைவை அளக்கும் முறை மேல்ஸாஃப், பாவர் போன்றோரால் நன்கு நிலைநாட்டப்பட்டது. அவர்கள் கையிலிருந்த பொம்மைகளுக்குப் பதில் வங்கத்துப் பாத்திரங்கள், அவ்வளவே.

கடந்த நிகழ்ச்சியைச் சொல்லும் நினைவைப் பற்றி ஒன்று மட்டும். ஈத் பெருநாளிலோ துர்கா பூஜையிலோ என்ன நடந்தது என்று கேட்டு, பிள்ளை சொல்வதில் எத்தனை இடத்தில் 'நான்' வருகிறது என்று எண்ணும் வழக்கம் மேல்நாட்டு ஆய்வுகளில் உண்டு. வங்க மொழியில் 'ஆமி' சொல்லத் தேவையே இல்லை. வினையின் ஈறே யார் என்று காட்டிவிடும், தமிழில் 'போனேன்' என்றால் போதுமே, அப்படி. 'நான்' குறைவாக வருவதை வைத்துத் தன்னுணர்வு வளரவில்லை என்று முடிவுகட்டுவது இலக்கணம் தெரியாத முடிவு.

இத்தனையும் சொன்ன பிறகு, முதலில் சொன்ன இரண்டு ஆய்வுகளுக்கும் என்ன கதி என்று கேட்பீர்கள். என் தீர்ப்பு இது. அராய்ஹஜாரில் ஆர்சனிக் நீரைக் குடித்த பிள்ளையும் குடிக்காத பிள்ளையும் ஒரே வழக்கைப் பேசுகிறவர்கள், ஒரே சோதனையை ஒரே ஆட்களிடம் எதிர்கொண்டவர்கள். இருவருக்கும் இடையே தெரிந்த வித்தியாசம் நிற்கும். அதே மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு அமெரிக்கச் சராசரியான நூறோடு ஒப்பிட்டு வங்கக் குழந்தைகள் இவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், அது நிற்காது. ரூப்கஞ்ச் ஆய்வின் முடிவையும் நான் மறுக்கவில்லை. பேய்லி அளவையின் அறிவு மதிப்பெண் பல திறன்களின் கூட்டுத்தொகை. அதில் நினைவு தனியாகத் தெரியாது. அதனால் இரும்புச்சத்துக்கும் நினைவாற்றலுக்கும் தொடர்பே இல்லை என்று அந்த ஒரு மதிப்பெண்ணிலிருந்து படிக்கக்கூடாது.

இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களில் சிலர் நாளை குழந்தைகளைச் சோதிப்பீர்கள். வங்கத்தில் இல்லாவிட்டாலும் தர்மபுரியிலோ ராமநாதபுரத்திலோ செய்வீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. விடைத்தாளில் சரி, தவறு என்று குறியிடுவதற்கு முன்னால், குழந்தை வாயிலிருந்து வந்ததை அது சொன்ன வழக்கிலேயே எழுதி வையுங்கள். குறியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், எழுதாமல் விட்ட பேச்சு திரும்பக் கிடைக்காது. ஆய்வறிக்கை எழுதும்போது, எந்த வழக்கில் கேட்டீர்கள், கேட்டவர் எந்த ஊர்க்காரர், சொற்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டன, அதே பிள்ளைகளை மறுபடி சோதித்தபோது மதிப்பெண் எவ்வளவு மாறிற்று என்ற நான்கையும் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். இவை இல்லாத அறிக்கையை நம்ப மறுங்கள், அது எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும்.